முப்பத்திரண்டு வீடுகளில் குடியிருந்த மலை

வேங்கைப்பதிக்காரர்களை ஏழு லாரிகளில் ஏற்றி மலையிலிருந்து இறக்கிய அன்று, சட்டி பானைகள் ஏறியதையும், கோழிக்கூடைகள் ஏறியதையும், ராகி கொட்டிவைக்கும் குதிர் மட்டும் ஏற முடியாமல் வாசலில் உடைந்து கிடந்ததையும் எல்லோரும் பார்த்தார்கள். மலையின் ஓசைகள் ஒவ்வொன்றாக வந்து அதே லாரிகளில் ஏறிக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் ஓசைகள் இடத்தை அடைப்பதில்லை, அவற்றுக்கு யாரும் நகர்ந்து உட்கார வேண்டியதில்லை, போதாததற்கு அன்று விடாத மழை.

அது பெருமழை வருடம். மலை மூன்று இடங்களில் சரிந்திருந்தது. "மூணே மாசம், மண்ணு இறுகுனதும் திரும்பிப் போயிரலாம்" என்று சொல்லித்தான் இறக்கினார்கள், சொன்னவர்களும் அப்போது அதை நம்பித்தான் சொன்னார்கள். ஆனால் மூன்று மாதம் முடிவதற்குள் அந்த மலை முழுவதும் தேசியப் பூங்கா என்று அரசிதழில் அச்சாகிவிட்டது, பூங்காவுக்குள் குடியிருப்பு கூடாது என்று விதி வந்துவிட்டது, ஆகவே பதினான்கு கிலோமீட்டர் கீழே, வாழைத்தோப்புகளுக்கும் ஒரு நூல் மில்லுக்கும் நடுவே கட்டிய காலனியிலேயே அந்த முப்பத்திரண்டு இருளர் குடும்பங்களும் தங்கிப்போயின.

காலனிக்கு வந்த மூன்றாம் நாள் காலை, கக்கி என்பவள் தண்ணீர் பிடிக்கக் காலிக் குடத்தின் மூடியைத் திறந்தபோது உள்ளேயிருந்து கூத்தாடி அருவி கொட்டியது. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஓசை மட்டும், நூறடி உயரத்திலிருந்து பாறையில் விழுகிற அந்தப் பேரோசை மட்டும், பக்கத்தில் நின்ற புருஷனிடம் அவள் பேசியது அவனுக்கே கேட்காதபடி கொட்டியது. கக்கி மூடியைப் போட்டாள், திறந்தாள், மறுபடி போட்டாள், பிறகு அந்தக் குடத்தை அடுப்பங்கரை மூலையில் வைத்துவிட்டு வேறொரு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லா வீடுகளிலும் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. பதி என்கிற அந்த மலைக்கிராமத்தின் தலைவரான மூப்பன் வெள்ளையன் வீட்டில், காற்றில் உரசிக்கொள்ளும் மூங்கில் கூட்டம் இருந்தது. மசணன் வீட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருவாச்சிப் பறவைகளின் சிறகடிப்பு இருந்தது, கொல்லன் துருத்தியை ஊதுவதுபோல் அது வீட்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கடந்துபோகும். ஒரு வீட்டில் மந்திகளின் கூப்பாடு, ஒரு வீட்டில் கடமானின் கனைப்பு, ஒரு வீட்டில் மாலை ஆறு மணிக்கு மட்டும் வாய் திறக்கும் சில்வண்டுகள். மருதியின் வீட்டில் யானைகள் இருந்தன. மலைமேல் ஒரு யானை துதிக்கையைத் தூக்கினால் பிளிறல் மருதியின் சமையலறையில் கேட்டது, யானைகள் வயிற்றுக்குள்ளிருந்து உறுமிப் பேசிக்கொண்டால் அவளுடைய அலமாரித் தட்டுகள் கிணுகிணுவென்று நடுங்கின, மருதி தட்டுகளுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டாள்.

மூப்பனிடம் கேட்டபோது அவர், "கூப்பிடாமயே வந்துருச்சுக. வந்ததுகளை வெளிய நிறுத்த முடியுமா?" என்றார். அதற்குமேல் யாரும் காரணம் கேட்கவில்லை.

ஒரு வருடத்தில் சுற்றுவட்டாரமும் பழகிக்கொண்டது. தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு "இருவாச்சி வீடா, மான் வீடா?" என்று கேட்டுக் கடிதம் கொடுத்தார். மினிபஸ் கண்டக்டர் "அருவி ஸ்டாப் எறங்கு" என்று கத்தினார். மில் சத்தத்தில் ஒன்பது வருடமாகச் சரியாகத் தூங்காத ஒரு வாழைத்தோட்டக்காரரின் மனைவி கக்கியின் வீட்டு வாசலில் வந்து தயங்கி நின்று, "ஒரு மணி நேரம் உங்க கொடத்துப் பக்கத்துல படுத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். கக்கி பாய் போட்டுக் குடத்தின் மூடியை அரைவாசி திறந்துவைத்தாள், அந்த அம்மாள் மதியம் இரண்டு மணிக்குப் படுத்து மறுநாள் காலை ஏழு மணிக்கு எழுந்து, எழுந்ததும் அழுதாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ச்சனம் குடும்பத்தோடு வந்து ஒவ்வொரு வாசலாக நின்று கேட்டுவிட்டுப் போனது. காலனி முனையில் ஒரு போண்டாக் கடைகூட வந்துவிட்டது.

ஆனால் இதெல்லாம் கீழே.

மேலே என்ன ஆயிற்று என்பது மருதியின் புருஷன் நஞ்சனுக்குத்தான் தெரியும். அவன் வேட்டைத் தடுப்புக் காவலர், பச்சைச் சட்டை போட்டவன். காகிதத்தில் அவன் பதிக்காரன் அல்ல, வனத்துறை ஆள், ஆகவே அவனும் இன்னும் ஐந்து காவலர்களும் மட்டும் மலைமேல் முகாமில் தங்கலாம். மாதத்தில் ஐந்து நாள் கீழே வந்து மனைவியைப் பார்க்கலாம்.

லாரிகள் இறங்கிய மறுநாளே அவன் அதைக் கண்டான். கூத்தாடி அருவி கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டிபோல் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. மரங்கொத்தி மரத்தைக் கொத்தியது, பட்டை தெறித்தது, ஒன்றும் கேட்கவில்லை. மனிதனின் ஓசை மட்டும் மிச்சமிருந்தது, மற்ற எதுவும் இல்லாததால் அது பயங்கரமாகப் பெருகியிருந்தது. நஞ்சன் நடந்தால் அவன் செருப்பு காடு முழுவதும் கேட்டது, நின்றால் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டது, முகாமில் ஆறு பேரும் நாளடைவில் பேசுவதையே விட்டுக் கையசைத்துக்கொண்டார்கள். ஒருமுறை, உச்சிப்பாறையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, தன் இமைகள் மூடித் திறக்கிற ஓசையை அவன் கேட்டான். அப்போது அவனுக்குக் கண்ணீர் வந்தது. பயத்தில் வந்த கண்ணீர் அல்ல அது, ஒரு பெரிய வீட்டுக்குள் அழைப்பில்லாமல் நுழைந்துவிட்டவனுக்கு வருகிற கூச்சம்.

ஆண் மான்கள் கழுத்தை நீட்டி வாயைத் திறந்து கூப்பிட்டன, பெண் மான்கள் முதுகைக் காட்டி மேய்ந்துகொண்டிருந்தன, அடுத்த மழைக்குக் குட்டிகள் இல்லை. குருவிகள் கூடு கட்டிவிட்டு அதில் தனியாக உட்கார்ந்திருந்தன. காட்டெருமை ஒன்று பின்னால் வந்தது தெரியாமல், அவனுடைய கூட்டாளி ரங்கன் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனான். அன்றைக்கு நஞ்சன் ரோந்துப் பதிவேட்டில் எல்லாவற்றையும் எழுதினான். ரேஞ்சர் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, "இதை மேல அனுப்புனா நம்மளைப் பைத்தியம்பாங்க. விசேஷம் ஒன்றுமில்லைன்னு எழுது" என்றார். அவரும் கெட்டவர் அல்ல, பயந்தவர். அன்றிலிருந்து, முகாமில் இருந்த நாளெல்லாம் தவறாமல் நஞ்சன் எழுதினான்: விசேஷம் ஒன்றுமில்லை.

ரேஞ்சர் ஒன்றும் செய்யாமலும் இல்லை. மைக்குகளோடு நான்கு பேரை வரவழைத்து, கக்கி வீட்டில் மூன்று நாள் உட்கார வைத்து அருவியைப் பதிவு செய்து, மலைமேல் பதினாறு ஒலிபெருக்கிகள் கட்டிப் போடச் சொன்னார். பதினாறிலிருந்தும் கக்கி மூச்சுவிடுவது மட்டும்தான் கேட்டது. நடுவில் ஒருமுறை இருமினாள்.

இரண்டாம் வருடம் பங்குனியில் நஞ்சன் லீவில் வீட்டுக்கு வந்தபோது மருதி இளைத்துக் கிடந்தாள்.

"ஆறு நாளாத் தூங்கல" என்றாள். "கேளு."

அவன் கேட்டான். அடுப்புப் பக்கத்திலிருந்து ஒரு குட்டி கத்தியது. கதவுப் பக்கத்திலிருந்து ஒரு தாய் உறுமி உறுமி அதைக் கூப்பிட்டது. இரண்டு குரலுக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை. ஆனால் மலைமேல் அந்தக் குட்டி ஒரு மலைமுகட்டிலும் தாய் வேறொரு முகட்டிலும் நின்றுகொண்டிருந்தன, அவற்றின் குரல் அவற்றுக்குக் கேட்காது, மருதிக்கு மட்டும் கேட்டது.

"ரெண்டும் இங்கதான் இருக்குதுக. இந்த ஊட்டுக்குள்ளயே ஒண்ணையொண்ணு தேடிட்டு இருக்குதுக" என்றாள் மருதி. "நான் என்ன பண்ணட்டும், சொல்லு. ரெண்டு குரலையும் புடிச்சு ஒட்ட வைக்கட்டுமா?"

மறுநாள் காலை பத்து மணிக்குக் குட்டி வந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. வாழைத்தோப்பு வழியாக, ஒரு மரத்தைக்கூட முறிக்காமல், தார்ச்சாலையில் லாரிகள் வரிசையாக நின்று வழிவிட, காலனியின் மூன்றாவது தெருவில் திரும்பி, மருதியின் வீட்டுச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றது. கால் மணி நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து தாய் வந்தது. அதன் பின்னால் மற்ற யானைகள் வந்தன, பதினொன்று, காலடி ஓசையே இல்லாமல், குழாயடியைச் சுற்றிக்கொண்டு, கோலத்தை மிதிக்காமல் வந்து வீட்டைச் சூழ்ந்து நின்றன. எதையும் தின்னவில்லை, எதையும் தள்ளவில்லை. தங்கள் குரலைத் திருப்பிக் கேட்டு வந்தவர்களைப்போல் நின்றன. வீட்டுக்குள்ளே அவற்றின் பதிமூன்று குரலும் அப்போது ஒன்றுசேர்ந்து அடங்கிய உறுமலாக எழுந்தன, அந்த உறுமலில் கதவுத் தாழ்ப்பாள் தானாகக் கழன்றது.

தோட்டக்காரர்கள் பட்டாசுக் கட்டுகளோடு கூடிவிட்டார்கள். மயக்க ஊசித் துப்பாக்கியோடு ஜீப் கிளம்பிவிட்டது என்று ரேஞ்சர் போனில் சொன்னார். நஞ்சன் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டக்காரர்களுக்கும் யானைகளுக்கும் நடுவில் கையை விரித்து நின்றான்.

மருதி வெளியே வந்தாள். அடுப்பை அணைத்திருந்தாள், தலையை முடிந்திருந்தாள். தாய் யானையின் முன்னால் நின்று, "வாங்க, போலாம்" என்றாள், அவ்வளவுதான். மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அவள் நடந்ததும் வீட்டுக்குள் இருந்த உறுமல் வீட்டைவிட்டு வெளியே வந்து அவளோடு நடந்தது, அவள் முந்தானைக்குள் இருப்பதுபோல், அவள் நிழலுக்குள் இருப்பதுபோல், அவள் போகிற இடமெல்லாம் யானைச் சத்தம் போனது. அதன் பின்னால் தாயும், தாயின் வயிற்றுக்கடியில் குட்டியும், மற்றப் பதினொன்றும் வரிசையாகப் போயின. பட்டாசு வைத்திருந்தவர்கள் அதைக் கீழே வைத்துவிட்டார்கள். ஒரு தோட்டக்காரர் மட்டும் ஓடிப்போய், வழியில் இருந்த தன் மின்வேலியின் இணைப்பைப் பிடுங்கிப்போட்டுவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

நஞ்சன் மருதியோடு நடந்தான். அவளைத் தடுக்க வேண்டியவன் அவன்தான் என்பது வழி முழுவதும் அவனுக்கு நினைவில் இருந்தது. பூங்காவின் நுழைவாயிலில் தடுப்புக் கம்பு இறங்கியிருந்தது. கேட்டில் இருந்த காவலர் போனைக் காதில் வைத்தபடி எதிரே வந்தார்.

"நஞ்சண்ணா, பாஸ் இல்லாம யாரையும் விடக் கூடாதுன்னு உனக்கே தெரியும்."

"தெரியும்."

"அக்காகிட்டச் சொல்லு."

"நீயே சொல்லு. பின்னால நிக்கறவங்ககிட்டயும் சேத்துச் சொல்லிப்போடு."

காவலர் பின்னால் நின்றவர்களை நிமிர்ந்து பார்த்தார். போனில் ரேஞ்சர் "யாரையும் விடாதே, யாரையும் விடாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு வருட வேலை, அந்த வேலையில்தான் வீட்டில் உலை கொதித்தது. நஞ்சன் கம்பின் கயிற்றைப் பிடித்து இழுத்தான். கம்பு மேலே போனது.

மூன்றாவது வளைவில் அது நடந்தது. மருதி அந்த வளைவைத் தாண்டிக் கால் வைத்ததும் அவளோடு வந்த உறுமல் அவளை விட்டு எழுந்தது. தாய் யானை நின்றது, துதிக்கையைத் தூக்கியது, இரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தன் வாயால், தன் தொண்டையால் பிளிறியது, குட்டி அதன் காலடியில் நின்று தன் சின்னக் குரலில் பதில் சொன்னது, அந்த ஓசை ஒன்றுமே இல்லாத அந்தப் பெரிய மலைக்குள் போய் ஒவ்வொரு பாறையாகத் தட்டி, ஒவ்வொரு பள்ளத்தாக்காக நிரப்பி, போன இடத்திலிருந்தெல்லாம் திரும்பிவந்தது. நஞ்சன் சாலையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மருதி அவன் தோளில் கை வைத்தாள். யானைகள் அவர்களைத் தாண்டிப் போயின.

மருதி இடிந்து கிடந்த பதியில், தன் பழைய வீட்டின் மிச்சச் சுவரோரம் தழைகளைப் பரப்பித் தங்கிவிட்டாள். நஞ்சனைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்து கடிதம் வந்தது. மூன்றாம் நாள், மாவட்ட வன அலுவலர் ஜெசிந்தா தானே மலையேறி வந்தார். கடற்கரை ஊரில் பிறந்த பெண், நாற்பது வயது, இந்த மலைக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மலைமேல் நின்றதும் தன் காதுக்குள் இரத்தம் ஓடும் ஓசை கேட்டு, தன் ஊர்க் கடல் என்று ஒரு கணம் நினைத்துவிட்டதாகப் பிற்பாடு அவரே சொன்னார்.

"இங்க யாரும் தங்கக் கூடாதுன்னு விதி இருக்கும்மா" என்றார் ஜெசிந்தா.

"எனக்கும் கீழ ஊடு இருக்குதுங்க" என்றாள் மருதி. "குழாய் இருக்குது, ஃபேன் இருக்குது. இங்க ஒண்ணுமில்ல, நேத்து அட்டை கடிச்சுக் கால் வீங்கிருச்சு. ஆனா நான் எறங்குனா இதுகளுக்கு வாய் போயிருமுங்க."

"அப்படியெல்லாம் இருக்காதும்மா. வாங்க, நானே கொண்டுபோய் விடறேன்."

மருதி வாதாடவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள், நஞ்சனும் ஏறினான். சாலைக்குக் கீழே ஓடையில் யானைகள் குளித்துக்கொண்டு, ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு இருந்தன. மூன்றாவது வளைவைத் தாண்டியதும், கண்ணுக்கு எதிரே துதிக்கையைத் தூக்கிப் பிளிறிக்கொண்டிருந்த யானையின் குரல் பாதியில் நின்றது. வாய் திறந்திருந்தது, ஓசை இல்லை. பிளிறலின் மறுபாதி ஜீப்புக்குள்ளே, பின்சீட்டில், மருதிக்கும் ஜெசிந்தாவுக்கும் நடுவில் இருந்த ஒரு சாண் இடத்திலிருந்து எழுந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. ஜெசிந்தா அந்த ஒரு சாண் இடத்தைப் பார்த்தார், சீட்டின் கிழிசலைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. அவர் மெல்லக் கையை அங்கே வைத்தார், சூடான எதையோ தொடுவதுபோல்.

"ஜீப்பைத் திருப்புங்க" என்றார்.

"மேடம், ஆர்டரு..." என்றார் டிரைவர்.

"ஆர்டர் போட்டது நான்தான். திருப்புங்க."

அதன் பிறகு ஏழு மாதம் பேச்சு நடந்தது, காலனிக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில், மேடையில் யாரும் உட்காராமல், கீழே இரண்டு வரிசை நாற்காலி போட்டு. வரிசைகளுக்கு நடுவில் நஞ்சன் நின்றுகொண்டிருந்தான். ஒரு பக்கம் ரேஞ்சர், மறுபக்கம், பேச்சு நாளில் மட்டும் யானைக் குரலோடு இறங்கி வந்துபோகிற மருதி. எங்கே உட்காருவது என்று தெரியாமல் அவன் நிற்பதைப் பார்த்த ஜெசிந்தா இரண்டு வருடப் பதிவேட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"விசேஷம் ஒன்றுமில்லை. நானூறு தடவைக்கு மேல எழுதியிருக்கு. இது உங்க கையெழுத்தா, நஞ்சன்?"

"கையெழுத்து என்னுதுங்க. ஆனா பொய்யுங்க அது. நான் பார்த்ததெல்லாம் வேற."

"பார்த்ததைச் சொல்லுங்க."

ரேஞ்சர் தலையைக் குனிந்துகொண்டார். நஞ்சன் சொல்ல ஆரம்பித்தான். அதிகாரிகள் முன்னால் "சரிங்க ஐயா"வுக்கு மேல் பேசியிராதவன் ஒன்றரை மணி நேரம் பேசினான். வாய் திறந்து நின்ற மான்களைச் சொன்னான், தனியாக உட்கார்ந்திருந்த குருவிகளைச் சொன்னான், ரங்கனின் காலைச் சொன்னான், தன் இமை மூடித் திறந்த ஓசையைச் சொன்னான். முடித்தபோது மண்டபத்தில் விசிறிகளை யாரோ நிறுத்தியிருந்தார்கள். ரேஞ்சர் எழுந்து, "பக்கத்தைக் கிழிச்சது நான்தான், மேடம்" என்றார். நஞ்சன் சொன்னதை அப்படியே எழுதி ஒப்பந்தத்தின் முதல் இணைப்பாக வைத்தார்கள்.

பேச்சு சுலபமாக முடியவில்லை. திரும்பிப் போவதில் பதிக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. மசணன் எழுந்து, "என் மக காலேஜுக்குப் போறா. பஸ்ஸு இங்கதான் நிக்குது. மேல வந்து நான் என்ன பண்றது? இருவாச்சிக்காகப் புள்ள படிப்பை நிறுத்தறதா?" என்றான். யாரும் அவனைக் குறை சொல்லவில்லை, அவனைப்போல் பதினோரு குடும்பங்கள் இருந்தன. மருதிகூட, வாரத்துக்கு ஒருதரம் நர்ஸ் மேலே வர வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை பெறுகிற வயதுப் பெண்களை ஏற்ற மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றாள். வரைபடத்தில் மூப்பன் காட்டிய எல்லையும் துறை காட்டிய எல்லையும் சேரவே இல்லை, நான்கு மாதம் அந்த ஒரு கோட்டிலேயே போனது. ஜெசிந்தா தலைநகரத்துக்கு ஒன்பது கடிதம் எழுதினார், காட்டு உரிமைச் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது என்று வரி வரியாகக் காட்டினார், ஒன்பதாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது.

கடைசியில் ஒப்பந்தம் இப்படி ஆயிற்று: மலை யாராலும் விற்கவோ வாங்கவோ முடியாததாக இருக்கும், பதி இருந்த இடத்தில் இருபத்தோரு குடும்பங்கள் குடியிருந்து ராகியும் சாமையும் விதைத்துக்கொள்ளும், யானைகள் தண்ணீருக்குப் போகும் வழியில் மட்டும் விதைக்காது, கண்ணி வைக்காது. மாசி மாதம் தரைப்புல்லுக்குச் சின்னத் தீ வைப்பதை எப்போது எங்கே என்று பதி சொல்லும், துறை கூட நிற்கும். தேன் எடுக்கும் பருவத்தில் பாறைப் பக்கம் சுற்றுலாக்காரர்கள் வர மாட்டார்கள், இறந்தவர்களைக் கிடத்திய மேட்டுக்கு எப்போதுமே வர மாட்டார்கள். இரண்டு பக்கமும் ஐந்தைந்து பேராகப் பத்துப் பேர் கொண்ட சபை மலையைப் பார்த்துக்கொள்ளும், தலைமை ஒரு வருடம் அவர்களுக்கு, ஒரு வருடம் இவர்களுக்கு. கீழேயே இருக்கிற பதினோரு குடும்பங்கள் முறைவைத்து மாதத்தில் பத்து நாள் மேலே வந்து தங்கும்.

கையெழுத்துக்கு முன்னால் மூப்பன் ஒன்று கேட்டார். "எங்களுக்குப் படிச்சுக் காட்டுனீங்க, சரி. அங்க போயும் படிக்கோணும். அதுக்குத் தெரியாம அதும்மேல கையெழுத்துப் போட்டா நல்லாருக்காதுங்க."

ஆகவே ஐப்பசியில் ஒரு காலை, ஏற்கெனவே மேலே இருந்த மருதியைத் தவிர, மற்ற முப்பத்தொரு குடும்பங்களும் நடந்தே மலையேறி மூன்றாவது வளைவுக்கு இந்தப்பக்கம் நின்றன. அந்தக் கூட்டத்துக்குள்ளே அருவி கொட்டியது, மூங்கில் உரசியது, மந்திகள் கூப்பாடு போட்டன. வளைவுக்கு அந்தப்பக்கம் போய், யானைக் குரலைத் தவிர வேறொன்றும் இல்லாத மலைக்குள் நின்று, ஜெசிந்தா பதினான்கு பக்கத்தையும் வாசித்தார். அவர் குரல் அந்த வெறுமையில் அவரே அஞ்சும்படி பெரிதாக ஒலித்தது, எந்த வரியையும் அவர் வேகமாகக் கடக்க முடியவில்லை. வாசித்து முடித்ததும் நஞ்சன் காகிதத்தை வாங்கி ஒரு பாறைமேல் பரப்பிப் பிடித்துக்கொண்டான், அவனுக்குப் பச்சைச் சட்டை திரும்பக் கிடைத்திருந்தது. இரு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள், கைநாட்டு வைத்தார்கள்.

பிறகு ஒவ்வொரு குடும்பமாக வளைவைத் தாண்டியது. மூப்பன் கால் வைத்ததும் மலைச்சரிவு முழுவதும் மூங்கில்கள் முனகத் தொடங்கின. மசணன் கால் வைத்ததும் தலைக்குமேல் நான்கு இருவாச்சிகள் பறந்தன, அவற்றின் சிறகுகள் காற்றை அறைகிற ஓசை கேட்டு ஜெசிந்தா காதைப் பொத்திக்கொண்டார், உடனே கையை எடுத்துவிட்டார். கடமான், மந்தி, மரங்கொத்தி, உலர்ந்த சருகு, ஒவ்வொன்றாக. கக்கி கடைசியாக வந்தாள். இடுப்பில் குடம். அவள் வளைவின்மேல் ரொம்ப நேரம் நின்றாள். "கூடவே தூங்கிப் பழகிட்டேன்" என்று யாரிடமோ சொன்னாள். கால் வைத்தாள். குடம் சட்டென்று கனம் குறைந்ததுபோல் அவள் இடுப்பு நிமிர்ந்தது, எதிர்மலையில் அருவி இடியைப்போல் விழுந்தது. அவ்வளவு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து அழுதுகொண்டு நின்றார்கள், ரேஞ்சரும்தான். அழுகை யாருக்கும் கேட்கவில்லை, ஏனென்றால் மலை அவ்வளவு சத்தமாக இருந்தது.

அதிலிருந்து மாதத்தில் இருபது நாள் இருவாச்சிகள் ஓசையின்றியும், மசணன் மேலே வருகிற பத்து நாள் ஓசையோடும் பறந்தன. அவையும் அதற்குப் பழகிக்கொண்டு, இணை தேடுவதை அந்தப் பத்து நாளுக்குள் வைத்துக்கொண்டன. நுழைவாயிலில் எந்த ஓசை எந்த நாளில் என்று ஒரு அட்டவணை தொங்கியது, சுற்றுலாக்காரர்கள் அதைப் பார்த்து லீவு போட்டு வந்தார்கள். வாழைத்தோட்டத்து அம்மாள் மாதம் ஒருமுறை மேலே வந்து கக்கியின் வீட்டில் பகல் முழுவதும் தூங்கிவிட்டுப் போனாள்.

ஒப்பந்தம் ஆன இரண்டாம் வருடம் கார்த்திகையில் ஒருநாள் பிற்பகல், சபை கூடியிருந்தது. அந்த வருடத் தலைமை மருதிக்கு. மேலே வரும் சாலையை அகலப்படுத்துவதா வேண்டாமா என்று சண்டை. ரேஞ்சர் ஆம்புலன்ஸ் வர வேண்டும் என்றார், அதில் நியாயம் இருந்தது. மூப்பன் அகலமான ரோட்டில் ஆம்புலன்ஸ் மட்டுமா வரும் என்றார், அதிலும் நியாயம் இருந்தது. ஜெசிந்தா மேசையைத் தட்டிவிட்டார், மருதி பதிலுக்குத் தட்டினாள். நஞ்சன் கதவோரம் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மணி நான்கு இருக்கும். மேற்குச் சரிவிலிருந்து ஒரு ஓசை வந்தது.

பறவையைப்போல் ஆரம்பித்தது, ஆனால் பறவை அல்ல. நீரைப்போல் நீண்டது, ஆனால் அந்தப் பக்கம் நீர் கிடையாது. தணிந்து, நின்று, மறுபடி, முன்னைவிட அருகில் எழுந்தது. தட்டிய கைகள் மேசைமேலேயே நின்றுவிட்டன.

"என்ன அது?" என்றார் ஜெசிந்தா, மெதுவாக.

மூப்பன் எழுந்து வாசலுக்கு வந்து காதைத் திருப்பிக் கேட்டார். கக்கி அடுத்த வீட்டிலிருந்து ஈரக்கையோடு வந்து நின்று கேட்டாள். முப்பத்திரண்டு வீடுகளில் மலையின் எல்லா ஓசையோடும் குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெரியலீங்க" என்றார் மூப்பன். அவர் குரலில் ஒரு சிறுபிள்ளையின் வியப்பு இருந்தது. "இது எங்ககிட்ட இருந்ததில்லீங்க. இது புதுசு."

ரேஞ்சர் பேனாவை எடுத்தார், எழுத ஒன்றும் கிடைக்காமல் மூடினார். ஓசை மறுபடி எழுந்தது. மருதி தலைவரின் நாற்காலியிலிருந்து எழுந்து, ஜெசிந்தாவின் கையைப் பிடித்து எழுப்பினாள். இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, மேற்குச் சரிவைப் பார்த்து, சருகு மிதிபடாமல் நடக்கத் தொடங்கினார்கள். சபை முழுவதும், பதி முழுவதும், வாயைத் திறக்காமல் அவர்கள் பின்னால் போனது. நஞ்சனும் போனான்.